எனக்குப் பதினாலு

அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அந்தக் கண் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் தாடைக்காரர். காலை எட்டரை மணியிலிருந்து சாயங்காலம் வரை, எதிரே வந்து உட்காருகிற அத்தனை பேரிடமும் அவர் பாடுவது ஒரே பாட்டு. "தாடையை வைங்க. நெத்தியை ஒட்டுங்க. பச்சை வெளிச்சத்தைப் பாருங்க. சிமிட்டாதீங்க." தூக்கத்தில்கூட இதைத்தான் உளறுவார் என்று டோக்கன் கொடுக்கும் பெண் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் அதைச் சரிபார்க்க ஆளில்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லை. ஒரு மாடிப்படி ஏறினால் கூடம், கூடத்தில் மூன்று இரும்பு பெஞ்சுகள், மூலையில் டோக்கன் மேசை. அதைத் தாண்டினால் எழுத்துப் பலகை மாட்டிய இருட்டு அறை. அதை ஒட்டித் திரை போட்ட சின்ன அறை ஒன்று, அதுதான் தாடைக்காரரின் ராஜ்யம். அதற்கும் அந்தப் பக்கம் டாக்டர் அறை. இருபத்தைந்து வயதில் அவர் இங்கே தரை துடைக்கத்தான் வந்தார். லென்ஸைக் கீறல் விழாமல் துடைக்கிற கை என்று பெரிய டாக்டர் பார்த்துக் கண்டுபிடித்தார். துடைக்கக் கற்றவர் மாட்டக் கற்றார், மாட்டக் கற்றவர் பார்க்கக் கற்றார். நாற்பது வயதில், கண்ணாடி நம்பர் சொல்வதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனுஷன் வேலையில் கள்ளமில்லாதவர். வருகிறவர்கள் வெறும் கண்ணாடிக்காக வந்திருந்தாலும் விடமாட்டார். நாற்பது தாண்டியவர் என்றால் காற்று மெஷினில் உட்கார வைத்துக் கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தே அனுப்புவார். கண்ணில் சடாரென்று காற்றை ஊதி அளக்கிற மெஷின் அது. பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் துள்ளி எழுந்து, "என்னய்யா இது, சொல்லிட்டு ஊதக் கூடாதா?" என்பார்கள்.

"சொன்னா கண்ணை மூடிக்குவீங்களே" என்பார் தாடைக்காரர். பிறகு தன் பிரசங்கத்தை ஆரம்பிப்பார். "கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். வெளிய போற வழி சரியில்லேன்னா அழுத்தம் ஏறும். அழுத்தம் பின்னாடி இருக்கிற நரம்பைக் கொஞ்சங்கொஞ்சமா அரிச்சுடும். வலிக்காது, சிவக்காது. பார்வை ஓரத்துல இருந்து போகும், நடுவுல பளிச்சுன்னு இருக்கும். பேப்பர் படிப்பீங்க, ஊசியில நூல் கோப்பீங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நினைப்பீங்க. போனது திரும்ப வராது. முன்னாடியே தெரிஞ்சா சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாத்தலாம். அதனாலதான் ஒண்ணும் இல்லேன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறோம்."

இதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது. சொன்ன வாய்க்குப் பக்கத்திலேயே காது இருந்தது, அதில்தான் ஏறவில்லை.

மெஷின் வந்த முதல் மாதத்திலேயே அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். காலையில் கதவு திறப்பதற்கு முன் தானே தாடையை வைத்து உட்காருவார். டோக்கன் பெண் வந்து பட்டனை அமுக்குவாள். வலது கண், ஒரே ஒரு ஊதல். பதினான்கு என்று காட்டும். மறுநாளும் பதினான்கு, அதற்கு மறுநாளும் பதினான்கு. எப்போதாவது பதின்மூன்று, எப்போதாவது பதினைந்து. ஒரு சின்னத் தாளில் 'எனக்குப் பதினாலு' என்று எழுதி மெஷினின் பக்கவாட்டில் ஒட்டிவைத்தார். பதினான்கு காட்டினால் மெஷின் சரி, கடையைத் திறக்கலாம். கம்பெனிக்காரன் கொடுத்த புத்தகத்தில் மெஷினைச் சரிபார்க்க வேறு வழி எழுதியிருந்தது. அந்தப் புத்தகம் மேசையின் ஆட்டத்தை நிறுத்த ஒரு காலுக்கு அடியில் இருந்தது.

பத்து வருஷம் இப்படியே ஓடியது. இருபத்தொன்றைத் தாண்டினால்தான் ஆபத்து, பதினான்கு என்றால் பேச்சே இல்லை. காலப்போக்கில் தன் வலது கண் ஒரு கண் என்பதே அவருக்கு மறந்துபோனது. அது ஒரு எடைக்கல்லாக ஆகிவிட்டது. கடைக்காரன் தராசைச் சந்தேகப்படுவான், எடைக்கல்லையா சந்தேகப்படுவான்?

நாற்பத்தேழாவது வயதில் ஒரு காலை பதினேழு காட்டியது. தாடைக்காரர் ஊதுகுழலைத் துடைத்தார். மின்விசிறியை அணைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பதினேழுதான். மெஷினை வேறு பிளக்கில் சொருகினார். பதினேழு. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கம்பெனி மெக்கானிக்குக்கு போன் போட்டார்.

மெக்கானிக் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் கண்ணை எடுத்து மெஷினுக்கு முன்னால் மாட்டினான். மூன்று தடவை ஊதினான். "மெஷின்ல ஒண்ணுமே இல்லண்ணே. சுத்தமா இருக்கு" என்றான்.

"என் கண்ணுல மூணு கூட காட்டுதுய்யா."

"அப்ப உங்க கண்ணை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே."

அதைக் கேட்டு தாடைக்காரருக்கு வந்ததே கோபம். அவன் இறங்கிப் போன பிறகும் அரை மணி நேரம் டோக்கன் பெண்ணிடம் பொரிந்து தள்ளினார். "உசுரோட இருக்கிற கண்ணை விட்டுட்டு ரப்பர் கண்ணை நம்புறானாம். நான் இந்த வேலைக்கு வந்தப்ப இவன் கால்சட்டைகூடப் போட்டிருக்க மாட்டான். எனக்கே கண் வைத்தியம் சொல்றான்!" பலகையில் கடைசி வரியை அவரால் தூணில் சாய்ந்துகொண்டே படிக்க முடிந்தது. அவருக்கா கண் நோய் வரும்?

அன்று மத்தியானம் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னார். எழுபது தாண்டிய பெரிய டாக்டர் அப்போதே பாதி நாள்தான் வருவார். மெஷினைவிடத் தாடைக்காரரை நம்பிப் பழகியவர். "மெஷினுக்கு வயசாகுதுல்ல. நீ சொன்னா சரிதான், மூணு கழிச்சு எழுது" என்றார். மெஷினில் காகிதம் அச்சடிக்கிற பகுதி எப்போதோ உடைந்துவிட்டிருந்தது. திரையில் தெரிவதைப் பார்த்துத் தாடைக்காரர் அட்டையில் கையால் எழுதுவார், டாக்டர் அந்த அட்டையைத்தான் பார்ப்பார். இருபத்தொன்றுக்கு மேல் இருந்தால் கண் பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு விட்டு உள்ளே நரம்பைப் பார்ப்பார். இல்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பழைய தாளுக்குக் கீழே ஒரு புதுத் தாள் ஏறியது. அதில் 'கழி 3' என்று இருந்தது. அடுத்த வருஷம் அது 'கழி 6' ஆனது. அதற்கடுத்த வருஷம் 'கழி 9'.

கழிக்கக் கழிக்கச் சிலருக்கு நான்கும் ஐந்தும் வந்தது. அப்படிக் கண் எந்த மனுஷனுக்கும் இருக்காது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அங்கேயாவது அவருடைய மூளை விழித்திருக்க வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? மெஷின் பெரிய நம்பரில்தான் கூட்டிக் காட்டுகிறது போலிருக்கிறது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, அவர்களுக்கெல்லாம் பத்து என்று எழுதினார். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. கணவன் போன பிறகு, மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, ஒரு மூன்று அறை வீட்டில் இருந்தாள். பின்னறையில் தாடைக்காரர். அக்காவுக்குத் துணி ஆலையில் வேலை. ஆள் உயர விளக்கு மேசை மேல் துணி உருண்டு வரும், அதில் அறுந்த இழை, எண்ணெய்க் கறை, முடிச்சு என்று எது தெரிந்தாலும் சாக்கட்டியால் வட்டம் போட வேண்டும். இருபது வருஷமாக அவள் கண் தப்பி ஒரு முடிச்சு போனதில்லை. அவள் பார்த்த உருளையை மறுபடி யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

வருஷம் தவறாமல், தான் பிறந்த மாதத்தில் அக்கா ஆஸ்பத்திரிக்கு வருவாள். தம்பி ஆயிற்றே என்று நேரே உள்ளே நுழையமாட்டாள். டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்ட பிறகுதான் வருவாள். கூட வேலை பார்க்கும் பெண்களிடம், "நீங்களும் போய்க் காட்டுங்கடி, கண்ணு இருந்தாத்தான் நமக்குச் சோறு" என்பாள். "எனக்கென்ன, என் தம்பி கையால பாத்துடுறேன்" என்றும் சேர்த்துக்கொள்வாள்.

கழித்தல் ஆரம்பித்த முதல் வருஷம் அக்காவுக்குப் பதினெட்டு எழுதினார். இரண்டாம் வருஷமும் பதினெட்டு. மூன்றாம் வருஷமும் பதினெட்டேதான். தாடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. டோக்கன் பெண்ணைக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினார். "பாத்தியாம்மா? கழிச்சு எழுதுறது தப்போன்னு எனக்கே நடுவுல ஒரு சந்தேகம் இருந்துச்சு. அக்காவுக்கு மூணு வருஷமும் ஒரே நம்பர். அப்ப என் கணக்கு எவ்வளவு சரின்னு பாரு."

அந்த மூன்றாம் வருஷம் அக்கா எழுந்து போகாமல் நாற்காலியிலேயே இருந்தாள்.

"டேய், துணியில வலது ஓரம் சரியா புடிபட மாட்டேங்குதுடா. போன மாசம் ரெண்டு உருளை திரும்பி வந்துடுச்சு. கண்ணாடி மாத்தணுமோ?"

அவர் பலகையைப் படிக்கச் சொன்னார். அவள் மேலிருந்து கீழ்வரை கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை.

"கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு. அழுத்தமும் பதினெட்டுதான். உனக்கு வயசாகுதுக்கா, நினைப்பு எங்கேயோ போகுது. கவனமா வேலையைப் பாரு."

"அதுவும் சரிதான்" என்று அக்கா அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவருக்கும் சில நாட்களாக வலது இடுப்பில் நீலம் கட்டியிருந்தது. கூடத்து பெஞ்சின் மூலை தினமும் அவர் மேல் வந்து இடித்தது. "அண்ணே, பெஞ்சு அங்கேயேதான் இருக்கு, நீங்கதான் அது மேல போய் விழுறீங்க" என்று டோக்கன் பெண் சிரித்தாள். தேநீர்க் குவளையைக் கை தட்டிவிட்டது. தெருவைக் கடக்கையில் ஒரு சைக்கிள் எங்கிருந்தோ முளைத்து வந்து அவரைத் தள்ளியது. அவர் பெஞ்சை ஒரு அடி தள்ளிப் போடச் சொன்னார். சைக்கிள்காரனுக்கு நல்ல வசவு கொடுத்தார்.

அடுத்த வருஷம் பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொள்ள, அவர் இடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தாள். முப்பத்திரண்டு வயது, மெல்லப் பேசுகிறவள். வந்து மூன்றாம் நாள் டோக்கன் பெண்ணுக்குக் காய்ச்சல், லீவு. பட்டனை அமுக்க ஆளில்லை. தாடைக்காரர் டாக்டர் அறையின் கதவைத் தட்டினார்.

"டாக்டரம்மா, தப்பா நினைக்காதீங்க. ஒரு நிமிஷம் வந்து பட்டனை அமுக்குங்க. மெஷின் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

அவள் வந்து அமுக்கினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி அமுக்கினாள்.

"அண்ணே, உங்களுக்கு இருபத்தி மூணு இருக்கே."

"அது மெஷினுக்கும்மா. எனக்குப் பதினாலு."

"புரியல."

"மெஷின் ஒம்பது கூட்டிக் காட்டுது. வயசாயிடுச்சு அதுக்கு. நாங்க கழிச்சுதான் எழுதுறோம். இதோ ஒட்டியிருக்கேன் பாருங்க."

டாக்டரம்மா குனிந்து இரண்டு தாள்களையும் படித்தாள். "ஒரு நிமிஷம் என் அறைக்கு வாங்கண்ணே" என்றாள். மரத்துப்போகும் சொட்டு விட்டு, நீல விளக்கு வைத்து, கண்ணைத் தொட்டு அளக்கிற கருவியில் அவரை உட்கார வைத்தாள். 'தாடையை வைங்க' என்று இன்னொருவர் சொல்லிக் கேட்பது அவருக்குச் சிரிப்பாக இருந்தது. கருவியும் இருபத்து மூன்று என்றது. இடது கண்ணில் இருபத்தைந்து. அந்த இடது கண்ணை இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாளும் அளந்து பார்த்ததே இல்லை.

பிறகு இன்னொரு சொட்டு விட்டு அரை மணி காத்திருந்து உள்ளே நரம்பைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். எதிரே ஒரு ஸ்டூலில் வந்து உட்கார்ந்து, "என் மூக்கையே பாருங்க. பக்கத்துல விரல் ஆடினா சொல்லுங்க" என்றாள்.

அவர் மூக்கைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆட்ட ஆரம்பிங்கம்மா."

"ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேண்ணே" என்றாள் அவள்.

அவள் சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். அழுத்த நோய், நாலைந்து வருஷமாக இருந்திருக்கும், ஓரப் பார்வை நிறையப் போயிருக்கிறது, இன்றைக்கே சொட்டு மருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் பல்லாயிரம் தடவை மற்றவர்களுக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அவருக்கு ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை. கடைசியாக அவள் கேட்டதுதான் கேட்டது.

"கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களாண்ணே? இது குடும்பத்துல வரும். அவங்களையும் உடனே பாக்கணும்."

தாடைக்காரர் எழுந்து அட்டை அலமாரிக்குப் போனார். போகிற வழியில் கதவு நிலையில் தோள் இடித்தது. அக்காவின் அட்டையை எடுத்தார். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. எல்லாம் அவர் கையெழுத்து, அழகான கையெழுத்து. கழித்த மூன்றை முதல் பதினெட்டோடு கூட்டினார், இருபத்தொன்று. ஆறைக் கூட்டினார், இருபத்து நான்கு. ஒன்பதைக் கூட்டினார், இருபத்தேழு. அவருக்கு ஏறிய அதே அளவு அவளுக்கும் வருஷா வருஷம் ஏறியிருக்கிறது. ஒரே ரத்தம் அல்லவா? அந்த ஏற்றத்தைத்தான் அவர் தன் கணக்குக்குச் சாட்சி என்று ஊருக்குக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய சட்டைதான்.

"என்னடா, முகம் இப்படி இருக்கு?"

அவர் நின்றபடியே சொன்னார். முதலில் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "அய்யய்யோ, என் கண்ணே" என்று பதறி எழுந்து அவர் முகத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை விலக்கிவிட்டு மிச்சத்தையும் சொல்வதற்குள் அவர் செத்துப் பிழைத்தார்.

அக்காவுக்கு உடனே புரியவில்லை. "அப்ப மெஷின் கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு."

"பின்ன?"

"நான்தான் கழிச்சு எழுதிட்டேன். உனக்குப் பதினெட்டு இல்லக்கா. போன வருஷமே இருபத்தேழு."

அவள் திரும்பவும் உட்கார்ந்தாள். ஊசியைத் தேடிக் கை மேசைமேல் அலைந்தது. ஊசி கையின் வலது பக்கத்திலேயே கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, அவர் பார்த்தார்.

"ஓரம் தெரியலன்னு நான் சொன்னேனேடா" என்றாள்.

அவர் ஊசியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"உன்கிட்ட வந்துதானே சொன்னேன்? வயசாகுது, கவனமா பாருன்னு சொன்னே. மேஸ்திரியும் அதையேதான் சொன்னான். கவனமில்லாதவன்னு நாலு பேர் முன்னாடி சொல்லி, துணி மேசையில இருந்து எடுத்து என்னைப் பொட்டி கட்டப் போட்டாங்க. எனக்குப் புத்திதான் மழுங்கிப்போச்சுன்னு நான் தினமும் என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன்."

"என்னை அடிச்சுடுக்கா" என்றார் ஐம்பது வயதுத் தாடைக்காரர். அழுதார்.

அவள் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. பொத்தானை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை மடித்து அவர் நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் டாக்டரம்மா அக்காவைப் பார்த்தாள். இரண்டு கண்ணிலும் அழுத்தம், வலது கண்ணில் நரம்பு பாதிக்கு மேல் போய்விட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிடித்திருந்தால் ஒரு சொட்டு மருந்தோடு துணி மேசையை விடாமல் இருந்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத ஆள்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பழைய அட்டைகளை எல்லாம் இறக்கினார்கள். கழித்து எழுதிய காலத்து அட்டை ஒவ்வொன்றிலும் தாடைக்காரர் கூட்டி எழுதினார், டோக்கன் பெண் போன் போட்டாள். அவள் சிரிப்பதை விட்டிருந்தாள். காலையில் பட்டனை அமுக்கியது அவள் விரல்தானே என்று அவளுக்கும் உறுத்தல். மூன்று வாரத்தில் ஒவ்வொருவராக வந்தார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை. சிலருக்கு ஆரம்ப நிலை, சொட்டு மருந்தில் அடங்கியது. ஏழு பேருக்கு ஓரப் பார்வை ஏற்கெனவே போயிருந்தது. அதில் ஒரு லாரி டிரைவர், "நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்களேன்னு நிம்மதியா ஓட்டிக்கிட்டு இருந்தேன் சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து பெரிய டாக்டர் ஒரு நாள் கம்பை ஊன்றிக்கொண்டு படியேறி வந்தார். "கழிக்கச் சொன்னது நான்" என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு, பெஞ்சில் நோயாளிகளோடு நோயாளியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

தாடைக்காரர் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னபோது டாக்டரம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மெஷின்ல இனிமே காகிதத்துல அச்சாகி வரும். ரப்பர் கண்ணை வச்சு மாசாமாசம் நானே சரிபாக்கிறேன். நீங்க உக்காருங்கண்ணே. வர்றவங்ககிட்ட இந்த நோயைப் பத்தி உங்களை மாதிரிச் சொல்ல எனக்கு வராது" என்றாள். அவர் உட்கார்ந்தார். பாட்டு அதேதான், குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. பக்கவாட்டில் ஒட்டிய தாள்களைக் கிழித்துப் போட்டார். பசை காய்ந்த தடம் போகவில்லை.

வீட்டில் அக்கா அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சொட்டு மருந்தை மட்டும் அவர் போட்டுவிட வந்தபோது வேண்டாம் என்றாள். கண்ணாடி முன் நின்று, பாதி கன்னத்தில் வழிய, தானே போட்டுக்கொண்டாள்.

நாலு மாதம் கழித்து, அக்கா பிறந்த மாதம் வந்தது. அவள் மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாளில் காலை, கதவு திறப்பதற்கு முன், டோக்கன் பெண் தானாக வந்து, "அண்ணே, உக்காருங்க, மருந்து வேலை செய்யுதான்னு பாப்போம்" என்றாள். ஊதியது. காகிதம் நெளிந்து வெளியே வந்தது. அவள் அதைக் கிழித்துப் படித்துவிட்டு முதல் தடவையாகப் பழையபடி சிரித்தாள். "பதினாலுண்ணே! உங்க நம்பர் வந்துடுச்சு!"

தாடைக்காரர் தாளை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்கா வந்ததும் காட்ட வேண்டும் என்று நினைத்தார். மருந்து கேட்கிறது, எனக்குக் கேட்டால் உனக்கும் கேட்கும், நம் இரண்டு பேருக்கும் மிச்சம் இருப்பது மிஞ்சும் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இரண்டு மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்தாள். கூப்பிட்டதும், வலது கையால் கதவு நிலையைத் தடவிப் பார்த்துத் தள்ளி நின்று, திரையை விலக்கி உள்ளே வந்தாள். அவர் எழுந்து நாற்காலியைச் சரிசெய்தார். தாடை வைக்கிற இடத்தைப் புதுப் பஞ்சால் இரண்டு தடவை துடைத்தார்.

"உக்காருக்கா. தாடையை வை."

அவள் உட்காரவில்லை.

"இப்பெல்லாம் நான் எழுதுறதில்லக்கா. அச்சாகித்தான் வருது. பாரேன்."

"தெரியும்டா" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். "டாக்டரம்மாவே பாக்கட்டும்."

அவள் டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே டாக்டரம்மா தாடையை வைக்கச் சொல்வது வெளியே கேட்டது. தாடைக்காரர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். நாலு மாதத்துக்கு முன் அக்கா தைத்த பொத்தான் விரலில் பட்டது. திரைக்கு அந்தப் பக்கம் டோக்கன் பெண் அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள். யாரோ வந்து எதிரே உட்கார்ந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தார்கள்.